முகம் காட்டாத ப்ராம்ப்டரைத் தேடி

செங்கோட்டை ரயில் காலை ஆறரை மணிக்கு என்னைச் சங்கரன்கோவிலில் இறக்கிவிட்டது. எழும்பூரிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். நடுப்படுக்கையில் படுத்து முதுகு செத்துப்போயிருந்தது. கேமரா பையைப் பார்த்ததும் ஆட்டோக்காரர், "எங்க ஊர்ப் பிரியாணியை வீடியோ எடுக்கவா சார்? கடை தொறக்க இன்னும் நேரம் கெடக்கே" என்றார்.

"ஒரு மனுஷரைப் போட்டோ எடுக்கணும்."

"அதுக்கா மெட்ராஸ்ல இருந்து வாரீய?"

எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, பூ மார்க்கெட்டைத் தாண்டி, தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவில் விட்டார்.

அவர் கேட்டது நியாயம்தான். சென்னை நாடக மேடையின் கதையைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வால்டாக்ஸ் சாலைக் கொட்டகைகளில், வரைந்த திரைக்கு முன்னால் ராஜாக்கள் விடிய விடியப் பாடிய காலம் ஒன்று. பிறகு மயிலாப்பூர், தி. நகர் சபாக்களில் ஒரு சோபா, ஒரு டெலிபோன், உச்சியிலிருந்து தொங்கும் மைக் என்று நாடகம் வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிட்டது. ஆபீஸ் விட்டதும் ஒத்திகைக்கு ஓடிய குமாஸ்தாக்கள்தான் அன்றைக்கு நடிகர்கள். நானும் அதில் ஒருவன். அப்புறம் டிவி வந்து எங்கள் சனி, ஞாயிறுகளை அள்ளிக்கொண்டு போயிற்று.

எல்லார் படமும் கிடைத்துவிட்டது, எங்கள் குழுவின் ப்ராம்ப்டர் சண்முகையா அண்ணாச்சியின் படத்தைத் தவிர. பக்கத் திரைக்குப் பின்னால் நின்றபடி, வசனம் மறந்து முழிக்கிற எங்களுக்கு அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தவர். நாடகம் முடிந்து எல்லாரும் மேடையில் கும்பிடும்போதுகூட வெளியே வர மாட்டார். அப்புறம் எந்தப் படத்தில் இருப்பார்?

எட்டு மணிக்கு அண்ணாச்சி வீட்டில் அவர் மனைவி கோமதி அக்கா சுடச்சுட இட்லி வைத்தார். அக்காவுக்குத்தான் இந்தப் படம் ரொம்ப முக்கியம். அண்ணாச்சி சென்னையில் லாட்ஜில் தங்கி வேலை பார்த்த காலமெல்லாம் அக்கா இங்கேயேதான் இருந்தார். ஒரு நாடகமும் பார்த்ததில்லை.

"மேலநீலிதநல்லூர்ல இவுக தங்கச்சி இருக்கா சார். 'எங்கண்ணனாவது நாடகத்துல இருந்ததாவது, வாசல்ல டிக்கெட்தான் கிழிச்சிருப்பான்'னு சிரிக்கா. எத்தன நாளைக்குக் கேக்க? புக்குல படம் வந்தா அவ வாயை மூடிருவேன்."

வெள்ளைச் சுவருக்கு முன்னால் அண்ணாச்சியை நிறுத்தினேன். நான் கேமராவைத் தூக்குவதற்குள் மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போய்விட்டார். நடுவில் இழுத்துவந்தால் திரும்பவும் அப்படியே. "நிக்கணும்னுதான் பாக்கேன், காலு கேக்க மாட்டேங்குதுவே!" என்று அவரே சிரித்தார். கடைசியில் "காபி போடுதேன்" என்று உள்ளே நழுவினார். கதவுத் திரை விழுந்தது. அக்காவின் முகம் வாடிவிட்டது.

எனக்கும் சப்பென்று ஆகிவிட்டது. அக்காவைத் தேற்றுவதற்காக, கல்யாணக் கதையைச் சொல்லுங்கள் என்றேன்.

"அன்னைக்கு அப்படி ஒரு மழை. பந்தல் பூரா ஒழுகுது. ஆளாளுக்குச் சாப்பாட்டுப் பந்தியைப் பாத்து ஓடுதாக. எங்கப்பா ஒரு சத்தம் போட்டாரு பாருங்க..." அக்கா நின்றுவிட்டார். "என்ன சொன்னாரு..."

திரைக்குப் பின்னாலிருந்து தணிந்த குரல் வந்தது: "தாலியை மொதல்ல கட்டச் சொல்லுங்கவே..."

"தாலியை மொதல்ல கட்டச் சொல்லுங்கவே, எலையைப் பொறவு பாக்கலாம்னாரு!" அக்கா திரும்பிப் பார்க்கவேயில்லை, நாங்களெல்லாம் மேடையில் சொல்லை வாங்கிய மாதிரியே வாங்கிப் பேசிக்கொண்டு போனார். திரையோரத்தில் அண்ணாச்சியின் பாதி முகம். உதடு அசைகிறது, கண் அக்காவைவிட்டு அகலவில்லை. ஐயோ, இதுதானே நான் தேடிவந்த முகம்! இருவரையும் சேர்த்துப் படபடவென்று எடுத்துத் தள்ளினேன்.

காபியோடு வந்த அண்ணாச்சி, "பாதி மூஞ்சிதானே இருக்கு" என்று அலுத்துக்கொண்டார். அக்கா கேமராவைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மெட்ராஸ்ல இவுக என்ன செஞ்சாகன்னு இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார்.

மாலை ஐந்து மணிக்கு ஆட்டோ வந்தது. சென்னையில் எத்தனையோ கைதட்டல் கேட்டவன்தான். இந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது இருந்த நிறைவு அப்போதெல்லாம் இருந்ததில்லை. "அண்ணாச்சி தங்கச்சிக்கும் ஒரு பிரதி அனுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம், அவ துட்டு குடுத்து வாங்கிப் பாக்கட்டும்" என்றார் அக்கா. "இவுக எடுத்துக்குடுத்து நான் பேசுத படம்லா அது."