பெயரோடு விலைபோன வேலை

யுத்தம் நடந்த ஆண்டுகளில் பம்பாயில் ஓர் அரசாங்க இலாகாவில் சம்பளக் குமாஸ்தாவாக இருந்தேன். குடியிருப்பு மாதுங்காவில். தாராவிப் பகுதியில் சாக்கடையும் சாலையும் வெட்டிய தொழிலாளருக்குக் கூலிப் பட்டியல் எழுதி, மாதம் ஒருநாள் நேரில் சென்று பட்டுவாடா செய்வது என் பணி. அரிசி விலை ஏறிக்கொண்டே போனபோது, அவர்களுக்கும் பஞ்சப்படி வேண்டுமென்று கோப்பில் முதற்குறிப்பு எழுதியவன் நான். மூன்று ரூபாய் கூட்டி உத்தரவு வந்த அன்று காலைப் பூஜையில் பதிகம் பாடும்போது நெஞ்சு நிறைந்து குரல் தழுதழுத்தது.

மறுநாள் நற்செய்தியை நானே சொல்ல விரும்பி வேலை நடக்கும் இடத்துக்கு நடந்தேன். சொன்னேன். ஒருவர் முகத்திலும் மலர்ச்சி இல்லை.

"சாமி புண்ணியத்துல இன்னிக்கு முகாதம் வீட்டுல பாயசம்டே!" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. அவர்களை வேலைவாங்கும் தலைவனுக்குத்தான் முகாதம் என்று பெயர்.

ஏழு வருஷமாக அங்கே மண்வெட்டி பிடித்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார்.

"கோவிச்சுக்கிடாதீய சாமி. எனக்கு மட்டும் பழைய பகாரே இருக்கட்டும். கூட்ட வேண்டாம்."

கூலி கூடுவதை வேண்டாமென்பாரா ஒருவர்? ஏன் என்று கேட்டேன்.

"பகார் கூடுனா வேலைக்கு வெல கூடிரும்லா? முகாதமுக்கு மாசம் ரெண்டு ரூவா குடுத்துக்கிட்டு இருந்தோம். உத்தரவு வரப்போவுதுன்னு முந்தியே தெரிஞ்சுக்கிட்டு இப்பம் அஞ்சு கேக்கான். அதுபோக, வேலையில நீடிக்கணும்னா அம்பது ரூவா முன்பணமாம். காட்கோபர்ல இருந்தெல்லாம் ஆளு துட்டோட வந்து நிக்கான். நான் அம்பதுக்கு எங்க போவேன்? வீட்டுல அஞ்சு வயிறு, சாமி."

நான் கூட்டிய மூன்று ரூபாய் அவர் கைக்கு வருமுன்பே போய்விட்டது. அது மட்டுமா? அவர் வேலையையும் பறிக்கப் போகிறது.

அன்று மாலையே கிங்ஸ் சர்க்கிளில் எங்கள் மேலதிகாரியின் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை பஜனையில் என் பக்கத்தில் அமர்பவர். இறைவனின் கருணையைப் பாடும் அடிகள் வந்தால் கண்ணீர் பெருக்குபவர். அந்தக் கண்ணீரைக் கண்டு என் பக்தியின் வறட்சிக்கு நான் வெட்கியதுண்டு. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"நீர் சுத்தப் பச்சைக் குழந்தை ஓய். முகாதம் வாங்கறது முகாதமோடயே நின்னுடும்னு நெனச்சீரா? நம்ம பஜனை மண்டபத்துக்குப் புதுசா குத்துவிளக்கு வந்துதே, பேஷா இருக்குன்னு வாயாரச் சொன்னது யாரு? நீர்தானே?"

காபி வந்தது. குடித்தேனா என்று நினைவில்லை. எப்படி வீடு சேர்ந்தேன் என்பதும் நினைவில்லை.

பட்டுவாடா நாளில் பட்டியலைப் படித்து வந்தவன், அந்தத் திருநெல்வேலிக்காரரின் பெயரை உரக்கச் சொன்னேன். "ஹாஜர்!" என்று முன்னே வந்தவன் நான் பார்த்தறியாத வாலிபன். தகப்பன் பெயரைக் கேட்டேன். தடுமாறாமல் அவருடைய தகப்பன் பெயரைச் சொன்னான். புது ஆள் என்றால் மேலே எழுதிக் கேட்க வேண்டும், அதனால் பெயரையும் சேர்த்தே விற்றாயிற்று என்று முகாதம் என் காதருகே குனிந்து, ஒளிவுமறைவில்லாமல் இந்தியில் விளக்கினான். வாலிபன் பெருவிரலை மையில் தோய்த்து அவர் பெயருக்கு எதிரே பதித்தான்.

சாட்சிக் கையெழுத்து என்னுடையது. பேனாவைக் கீழே வைத்தேன். வரிசையில் எழுபது பேர் நின்றார்கள். நான் எழுந்தால் அன்று அத்தனை வீட்டிலும் உலை ஏறாது.

நிமிர்ந்தபோதுதான் வேலிக்கு வெளியே அவரைக் கண்டேன். என்ன செய்வேன் என்று பார்க்க வந்திருந்தார். நான் கூப்பிட்ட பெயருக்கு, ஏழு வருஷப் பழக்கத்தில், அவர் வலக்கை பாதி உயர்ந்து அப்படியே நின்றிருந்தது.

கையெழுத்திட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் விளக்கேற்றும் முறை என்னுடையது. போகவில்லை. ஆனால் அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும், அந்தப் பெயரை நான்தான் படித்தேன்.