குங்குமம் வைத்த பிரேக்

ஆயுத பூஜை வந்துவிட்டால் தாராவியில் எங்கள் சந்தில் ஒரு வீட்டிலும் வெங்காயம் நறுக்க முடியாது. அரிவாள்மனை முதல் அப்பாவின் ஸ்பானர் வரை அத்தனையும் குளித்து முழுகி, பொட்டு வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் ஓய்வெடுக்கும். மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. என் கணக்குப் புத்தகமும் அந்தக் குவியலில் இருந்ததால் இந்தச் சட்டத்தில் எனக்கு முழு உடன்பாடு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் அப்பா பம்பாயில் டாக்ஸி ஓட்டினார். வண்டி ஒரு சேட்டுடையது. தசரா அன்று விடியும்போதே அவர் வந்து தன் வண்டிகளுக்கெல்லாம் சாமந்தி மாலை போடுவார். மாலை போடுவதற்கு முன், வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பார்ப்பார். அந்த வருஷம் பூஜைக்கு முந்தின மாதம் அவருடைய இன்னொரு டாக்ஸியில் பிரேக் லைட் எரியாமல், பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. அந்த டிரைவரிடமிருந்து அன்றே சாவியை வாங்கிவிட்டார். அதிலிருந்து அப்பாவும் தினமும் சுவரை ஒட்டி ரிவர்ஸ் எடுத்து, சுவரில் சிவப்பு விழுகிறதா என்று பார்ப்பார்.

பூஜை முடிந்த சாயங்காலம் சுவரில் சிவப்பு விழவில்லை. விடிந்தால் தசரா.

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தேன். சாவி போனால் நாங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். ஊரில் எங்களுக்கு எதுவும் இல்லை என்பதையும் சொல்லியிருந்தாள்.

இரண்டு பல்பும் ஒரே நேரத்தில் போகாது என்றார் அப்பா. என்னை ஹாரனை அழுத்தச் சொன்னார். அது அலறியது. ஹாரனுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ், ஆகவே ஃபியூஸும் சரி. பூஜை வேட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்துத் துழாவினார். பிரேக் சுவிட்சில் நட்டு தளர்ந்து, வயர் தொங்கிக்கொண்டிருந்தது. முறுக்க ஸ்பானர் இல்லை. சந்தில் எல்லோர் வீட்டு ஸ்பானரும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் மறுபூஜைக்கு நல்ல நேரமோ சேட் வந்துபோன பிறகுதான்.

அப்பா விரலால் முறுக்கிவிட்டு, பிரேக்கை மிதிக்கும்படி அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். அம்மா முன் கதவைத் திறந்து குனிந்தாள். நான் பின்னால் நின்று சுவரையே பார்த்தேன்.

"எரியுதாட்டி?"

"எரியலப்பா."

மறுபடி மிதிக்கச் சொன்னார். மறுபடியும் இருட்டு. சுவிட்சே போய்விட்டது, கடையெல்லாம் பூட்டியிருக்கும் என்று அடியிலிருந்தே சொன்னார். சொன்ன குரல் அப்பாவுடையது போலவே இல்லை. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். வெளியே வந்த அப்பா அப்போதுதான் பார்த்தார். அம்மா தரையில் குந்தி, பிரேக்கை இரண்டு விரலால் பதவிசாக அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, மிதின்னா மிதிக்கணும். கையால அமுக்குனா எப்படி எரியும்?"

"குங்குமம்லா வச்சிருக்கு. அதுல எப்படிக் கால வைக்க?"

காலையில் பிரேக்குக்குப் பொட்டு வைத்தது அப்பாதான். சாயங்காலம் மிதித்தபோது அது அவர் நினைவிலேயே இல்லை. இப்போது துண்டால் துடைக்கவும் அவருக்குக் கை வரவில்லை. அம்மா கொஞ்ச நேரம் என்னையும் அவரையும் பார்த்தாள். பிறகு பிரேக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, குங்குமத்தின் மேலேயே காலை வைத்து மிதித்தாள். சுவர் சிவந்தது.

வண்டி குலுங்கினால் வயர் நிற்குமா என்று அப்பா கதவை அடித்துச் சாத்திப் பார்த்தார். அது மறுபடி கழன்றுவிட்டது. ஸ்பானர் இல்லாமல் இது நிற்காது என்று சொல்லி வீட்டுப் பக்கம் ஓரடி வைத்தார். அம்மா குறுக்கே கை நீட்டி அவரை நிறுத்தினாள். விளக்கேற்றியிருந்த சாமி படத்துக்கு முன்னால் தானே போய், என் கணக்குப் புத்தகத்தை நகர்த்தி, அடியில் கிடந்த ஸ்பானரை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். அதில் பூ ஒட்டிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் சேட் வந்தார், பின்னால் நின்று பார்த்தார், மாலையைப் போட்டுவிட்டுப் போனார். சாவி அப்பாவிடமே இருந்தது. சந்தோஷத்தில் அப்பா என்னை வண்டியின் பானெட்டில் தூக்கி உட்கார வைத்தார். அம்மா அங்கே இல்லை. உள்ளே சாமி படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். நெடுநேரம் நின்றாள்.

எனக்கோ பரீட்சைக் கவலை. புத்தகத்தை நகர்த்தியதற்கு சாமி கோபித்துக்கொள்ளாதா என்று கேட்டேன்.

"கோவப்பட்டா என் மேலதாம்ட்டி படும். ஒன் மேலயும் ஒங்கப்பா மேலயும் படாது. எடுத்தது நாந்தானே."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. மடி நிறையப் பொரிகடலையை அள்ளிக்கொண்டு விளையாட ஓடிவிட்டேன்.