தலையையும் மூடிப் படுத்தேன்

நாலைந்து வருடங்களுக்கு முன்னால், ஒரு தை மாதம். மடுல்கெல்லவுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கூடாரம் அடித்திருந்தோம். நான், என் மனைவி, அவளுடைய தம்பி. கண்டியில் புடவைக்கடையில் வேலை செய்யும் என் மனைவிக்கு நெடுநாளாக ஓர் ஆசை: மலை மேலிருந்து விடியலைப் பார்க்க வேண்டும். நான் அவளைக் கூட்டிப்போன தூரமெல்லாம் கல்யாண வீடும் கோயிலும்தான்.

அம்பிட்டியவில் வேன் ஏறும்போதே அளக்கத் தொடங்கிவிட்டேன். "தேயிலத் தோட்டத்துல பொறந்த ஒடம்பு இது. குளிரு என்னயப் பாத்து நடுங்கும்!"

மச்சினன் சிரித்தான். "தாங்கலன்னா சொல்லுங்க மச்சான், ராவோட ராவா எறங்கிருவோம்."

ஸ்லீப்பிங் பேக் என்பது ஆளை உள்ளே விட்டு ஜிப்பை இழுக்கும் பஞ்சுப் பை. முகம் வெளியே இருக்க வேண்டுமாம். நமக்குத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்தினால்தானே தூக்கம்? சுவெட்டர் மேல் சுவெட்டர் போட்டு, தலையையும் உள்ளே தள்ளி, பையின் வாயை இறுக்கிவிட்டேன். முதலில் சொர்க்கம். போகப்போக உள்ளே ஒரே ஈரம். பிறகு பல் தந்தியடித்தது. சொன்னால் கீழே இறங்க வேண்டும்; அவளுடைய விடியல் போய்விடும். பேசாமல் கிடந்தேன்.

பக்கத்துப் பையிலிருந்து மனைவியின் குரல். "ஏங்க, அது என்னா சத்தம்? எலியா?"

"நா... நான்தான்."

டோர்ச் அடித்து, என் பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "மூச்செல்லாம் உள்ளுக்கே விட்டு நனைச்சு வச்சிருக்கீங்க! மூடி போட்ட சோத்துச் சட்டி மாதிரி வேர்த்து ஊத்துது. ஏன் சொல்லல?"

"சொன்னா எறங்கணுமே. நீ விடியிறதப் பாக்கணும்னியே."

"நல்ல மனுசன்! குளிருதுன்னா எறங்கத்தான் வேணுமா?"

ஈரச் சுவெட்டர்களைக் கழற்றவைத்து, காய்ந்த சட்டை மாட்டிவிட்டாள். பையின் உட்புறத்தைத் துவாயால் ஒற்றியெடுத்தாள். வெந்நீர் வைத்து, போத்தலில் ஊற்றி, காலுறைக்குள் திணித்து என் காலடியில் வைத்தாள். "மூக்கு வெளிய இருக்கணும், சொல்லிட்டேன்" என்று மிரட்டினாள். மச்சினன் குறட்டையை நிறுத்தவே இல்லை.

விடியும்போது எழுப்பினாள். பையோடு எழும்பி, மரக்கறி மூட்டை மாதிரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பள்ளத்தாக்கு மேகமெல்லாம் மெதுவாகச் சிவந்தது. அவள் அசையவே இல்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"குளிருதா?"

"ஆமா" என்றேன், வீரமெல்லாம் விட்டு. தன் தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்தாள்.

பல்லைக் கடித்துக் கிடப்பதுதான் அவளுக்குச் செய்யும் உபகாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் குளிர்ந்தால் உடனே சொல்லிவிடுகிறேன், சில நாள் குளிராவிட்டாலும் சொல்லிப் பார்க்கிறேன்.