அம்மை வீட்டில் ஒற்றை ஆள்

மினிபஸ் ஓட்டுகிறவனுக்கு உடம்பு முடியாவிட்டால் மாற்று டிரைவர் வருவார். அம்மை போட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு அப்படி யாரும் வருவதில்லை. நான் இரண்டு வேலையும் பார்த்தவன். திருச்சுழி – நரிக்குடி ரோட்டில் பன்னிரண்டு வருஷம் வண்டி ஓட்டியதைவிட, போன மாசியில் வீட்டுக்குள் இருந்த இருபத்தேழு நாள்தான் எனக்கு நீளம். சொறியாதே சொறியாதே என்று சொல்லியே தொண்டை கட்டிய தாய் தகப்பன்மார் யாராவது இதைப் படித்தால், தலையாட்டுவீர்கள் என்று தெரியும்.

போக இருந்த சனிக்கிழமை

என் மனைவி செல்வி மூன்றாவது பிரசவத்துக்காக மல்லாங்கிணற்றில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் இருந்ததால் ஆறு வயது தர்ஷினி என்னோடு. அக்காவை விட்டு வரமாட்டேன் என்று மூன்று வயது கவினும் என்னோடு. சனிக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தர்ஷினிக்கு முதுகு தேய்த்துவிடும்போது நாலைந்து நீர்க்கொப்புளம் கையில் தட்டுப்பட்டது.

ஊர் நர்சம்மா வந்து பார்த்து, அம்மைதான் என்றார். எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது, செல்விக்கு வந்ததே இல்லை என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. மருந்து கொடுத்தார், பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார், வாசல் வரை போனவர் திரும்பி நின்றார். "அண்ணே, பிரசவ நேரத்துல தாய்க்கு வந்தா பச்சப்பிள்ளைக்கும் ஆபத்து. கொப்புளமெல்லாம் காய்ஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும் மல்லாங்கிணறு பக்கமே போயிராதீக."

ரெட்டைப்பனை விலக்கு

வாசலில் வேப்பிலை செருகியதும் தெருவே எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. எனக்கு அப்பா அம்மா இல்லை. தங்கச்சி திருப்பூரில் கைப்பிள்ளையோடு இருக்கிறாள். மாமியார் செல்வி பக்கத்தில். ஆக, நான்தான்.

மூன்றாம் நாள் அரிப்பு உச்சத்துக்குப் போனது. தர்ஷினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வேப்பங்கொத்தால் முதுகைத் தடவிக்கொண்டே கதை சொன்னேன். தெரிந்த கதை எல்லாம் அரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது. பிறகு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வண்டி நிற்கிற இடங்கள். கண்மாய்க்கரை, செவக்காட்டு விலக்கு, ரெட்டைப்பனை விலக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, யார் யார் ஏறுவார்கள், மூட்டையில் என்ன இருக்கும் என்றேன். அவள் அடங்கிக் கண்ணை மூடினாள். தூங்கிவிட்டான் என்று நினைத்த கவின் என் மடியிலிருந்து தலையைத் தூக்கினான். "எந்த விலக்குலப்பா அம்மா ஏறும்?"

பிரேக்கு

என் வண்டியை ஓட்ட அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு பையனைப் போட்டிருந்தார்கள். ஆறாம் நாள் காலையில் தெருமுனையில் ஹாரன் சத்தம். என் வண்டியின் சத்தம் எனக்குத் தெரியாதா! வெளியே ஓடினேன். பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் உள்ளே போகிறதே, முன்பும் அப்படித்தானா என்று அங்கிருந்தே கத்திக் கேட்டான்.

பெரிய ஆள் ஒருவரோடு நேருக்கு நேர் பேசி ஐந்து நாள் ஆகியிருந்தது. பிரேக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். அது முடிந்ததும் கிளட்ச்சைச் சொன்னேன். மழையில் வைப்பர் மக்கர் பண்ணுவதைச் சொன்னேன். எங்கள் பக்கம் மழை பெய்தால்தானே வைப்பர்? அது இரண்டு பேருக்குமே தெரியும். அவன் பாவம், தலையாட்டிக்கொண்டே நின்றான். கடைசியில் கையைக் காட்டினான். "அண்ணே, கோவிச்சுக்கிறாதீக, உள்ள ஆளுக உக்காந்திருக்காக."

பதினைந்தாம் நாள்

தர்ஷினிக்கு மூன்று தண்ணீர் ஊற்றி, பொருக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது. மறுநாள் மல்லாங்கிணறு போய்விடலாம் என்று பைகூடக் கட்டிவிட்டேன். இரண்டு வாரமாக அக்காவுக்கு மட்டும் இளநீர், அக்காவுக்கு மட்டும் கதை என்று ஏங்கிக் கிடந்த கவின், சட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக ஓடிவந்தான். "அப்பா, எனக்கும் வந்துருச்சுப்பா!"

நடுப்பகல்

அதற்கு இரண்டாம் நாள் நடுப்பகலில் மாமியார் வீடியோவில் கூப்பிட்டார். பெண் குழந்தை, இருவரும் நலம். துணிக்குள் சின்னதாக ஒரு முகம் தெரிந்தது. அதற்குள் படம் அப்படியே நின்றுவிட்டது. கவின் காய்ச்சலில் கிடந்தான், தர்ஷினி தூங்கிக்கொண்டிருந்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

வாசலுக்கு வந்தால் வெயில்தான் நிற்கிறது. கடைசியில் ஆடுகளைப் பத்திக்கொண்டு ஒரு அம்மா வந்தார். பேர்கூடத் தெரியாது. "எனக்குப் பொம்பளப்பிள்ள பொறந்திருக்கும்மா!" என்று கத்திக்கொண்டே படியிறங்கினேன். அவர் சிரித்தார், வேப்பிலையைப் பார்த்ததும் கம்பை நீட்டினார். "நல்லாருக்கட்டும்ப்பா, நூறு வருஷம் இருக்கட்டும். நீ அங்கிட்டே நின்னுக்க."

மல்லாங்கிணறு

நர்சம்மா கவினைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, போகலாம் என்று சொன்ன அன்றைக்கே கிளம்பினோம். குழந்தைக்குப் பத்து நாள். அந்த வீட்டில் பிள்ளைகள் இரண்டையும் ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டார்கள். தழும்பு மறைந்துவிடும் என்றார்கள், முட்டை கொடுத்தார்கள். நான் கைகால் கழுவிவிட்டு, குழந்தையை வாங்கி மடியில் வைத்தேன். அது என் விரலைப் பிடித்தது. அப்புறம் என்ன நடந்தது என்று தெரியவில்லை. சுவரில் சாய்ந்தபடியே தூங்கியிருக்கிறேன்.

விழித்தபோது குழந்தை செல்வி கையில் இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் வெளியே இருந்தார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கள எல்லாம் பாக்க ஆளு இருந்துச்சு. ஒங்கள யாருங்க பாத்தா?"

நான் கையை நீட்டிக் குழந்தையை மறுபடி வாங்கிக்கொண்டேன். மூன்றாவது ஒன்று இன்னும் அம்மை போடாமல் பாக்கி இருப்பதால், இந்த வேலையிலிருந்து என்னை யாரும் இன்னும் முழுசாக விடுவிக்கவில்லை.