வலது கதவு ஸ்பீக்கர்

பெர்னார்ட் அந்த ஸ்பீக்கரைக் கழற்றுவது அது ஐந்தாவது முறை. ஓட்டுநர் பக்கத்துக் கதவு, நான்கு திருகாணிகள். முதல் முறை புது உறை கிழிந்துவிடுமோ என்று பயந்து பயந்து கழற்றியவர், இப்போது பேசிக்கொண்டே கழற்றினார். பேச்சு முழுக்க வசவு. கழற்றிப் பார்த்தால் குறை எதுவும் தென்படவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

கதவைத் திறந்து வைத்துக் குனிந்து கேட்டால் ஸ்பீக்கர் நன்றாகப் பாடியது. கதவை மூடிவிட்டு ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தால் ஊமையாகிவிட்டது. பாட்டு மொத்தமும் இடது கதவுக்குள் போய் அடைந்துகொண்டது.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடு, ஏழாவது மாடி. காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறி பட்டர்வொர்த் போவார். அங்கே கண்டெய்னர் இழுக்கும் லாரிகளைப் பழுதுபார்க்கும் ஒரு குத்தகைக்காரரின் டீசல் பட்டறையில் முப்பத்தோரு வருட வேலை. எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நின்று கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார் என்று பட்டறையில் பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இப்படிப்பட்டவருக்கு நான்கு திருகாணி போட்ட ஒரு ஸ்பீக்கர் பிடி கொடுக்க மறுத்தது.

வண்டி, டட்சன் 120Y ஸ்டேஷன் வேகன். எழுபத்தேழாம் ஆண்டு மாடல். அவர் மனைவி கேத்தரினின் சித்தப்பா மகன், பைராம் என்ற எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் வீடு கட்டிப் புதுமனை புகுந்தபோது இருவரும் போயிருந்தார்கள். கை கழுவப் பின்பக்கம் போன பெர்னார்ட் அரை மணி நேரமாகத் திரும்பி வரவில்லை. கேத்தரின் போய்ப் பார்த்தால், தகரக் கொட்டகைக்குக் கீழே நின்ற ஒரு வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு கோழிகள் முட்டையில் உட்கார்ந்திருந்தன.

"இத வாங்கப் போறீங்களா?" என்றார் கேத்தரின்.

"கூரையப் பாரு. துருவே இல்ல."

கூரையில்தான் துரு இல்லை. தரையில் கால் வைத்தால் கால் மண்ணில் பட்டது. வண்டியை லாரியில் ஏற்றிப் பாலம் தாண்டிக் கொண்டுவந்தார்கள். அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் விட்ட மூன்றாம் நாளே கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: குப்பை வாகனங்களை அகற்றவும். ஜெலுத்தோங்கில் மூடிக்கிடந்த ஒரு மரக்கடையின் பின்புறத்தை வாடகைக்குப் பிடித்தார். வேலை முடிந்த மாலைகளும் ஞாயிறு பூசைக்குப் பிறகான பகல்களும் அங்கேயே கழிந்தன. தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டவே ஒரு வருடம் ஓடியது. முன்கண்ணாடி ரப்பர் இரண்டு தடவை தப்பான அளவில் வந்தது. மூன்றாவது தடவை சரியான அளவில் வந்ததை மழை நாளில் மாட்டினார், ஒழுகியது. கழற்றி மறுபடி மாட்டினார். இதற்கெல்லாம் அவர் எரிச்சல்பட்டாலும் மனம் தளரவில்லை. துருவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, வெட்டிப் போட்டால் போய்விடும் என்பார்.

பாட்டுதான் கேத்தரினுக்காக. கேத்தரின் கோயில் பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறவர். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு இந்த வண்டியிலேயே போகலாம், வழியெல்லாம் நல்ல பாட்டு கேட்கலாம் என்று பெர்னார்ட் வாக்குக் கொடுத்திருந்தார். வண்டியில் இருந்த பழைய ரேடியோ கரகரவென்று ஒரே ஒரு நிலையத்தை மட்டும் பிடித்தது. அதை எடுத்துவிட்டு, புது பிளேயர், ஆம்ப், இரண்டு முன்கதவிலும் ஸ்பீக்கர் என்று மாற்றும் வேலையை சாதிக்கிடம் கொடுத்தார்.

சாதிக் நாற்பது வயதுக்காரர். மரக்கடை இருந்த தெருவிலேயே கார் ஆடியோ கடை வைத்திருந்தார். கை சுத்தமான வேலைக்காரர் என்று ஊரில் சொல்வார்கள். வயரை எங்கே ஓட்டினார் என்றே தெரியாதபடி மாட்டிக் கொடுத்தார். பெர்னார்ட் உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. முகம் சுருங்கியது.

"சாதிக், வலது பக்கம் வேல செய்யல."

சாதிக் உள்ளே எட்டிக் கேட்டார். "வருதே அண்ணே. நல்லா வருது லா."

"நீ இங்க உக்காந்து பாரு."

உட்கார்ந்து பார்த்தார். "அண்ணே, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

இருந்தாலும் வாடிக்கையாளர் சொல்கிறாரே என்று சாதிக் ஸ்பீக்கரை மாற்றினார். அடுத்த வாரம் வயரை மாற்றினார். அதற்கடுத்து ஆம்ப்பை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் பெர்னார்ட் கதவைத் திறந்து குனிந்து கேட்பார், சரியாக இருக்கும். சந்தோஷமாக ஏறி உட்கார்ந்து கதவை மூடுவார், போய்விடும். மூடும்போதுதான் போகிறது என்றால் கதவுக் கீலில் வயர் நசுங்குகிறது என்று அர்த்தம். அவருடைய முப்பத்தோரு வருட அனுபவம் அதைத்தான் சொன்னது. சாதிக் கீலையும் பிரித்துக் காட்டினார். வயரில் ஒரு கீறல் இல்லை.

ஜூன் கடைசி சனிக்கிழமை. கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். பெர்னார்ட் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"பழைய ஸ்பீக்கருக்குப் புது மூடி போட்டுக் குடுத்திருக்கே, அப்படித்தானே?"

சாதிக் கையிலிருந்த வேலையை வைத்தார். "என்னண்ணே சொல்றீங்க?"

"ரெண்டு மாசமா என்ன ஏமாத்துறே. எனக்கு எஞ்சின் தெரியும், வயர் தெரியும். என்கிட்டயே கெட்டுப்போன, ரோசாக்கான சாமான விக்கிறே."

சாதிக் முகம் கறுத்துப் போனது. "அண்ணே, வேற கடையில பாத்துக்குங்க. என்னால இதுக்கு மேல முடியாது," என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குள் போய்விட்டார்.

வேறு கடைக்குப் போக பெர்னார்டுக்கு மனம் வரவில்லை. ஏற்கனவே நான்கு முறை சாதிக்குக்குத் தெரியாமல் கழற்றிப் பார்த்தவர், தானே பார்த்துக்கொள்கிறேன் என்று மறுபடி இறங்கினார். அப்படித்தான் அந்த ஐந்தாவது கழற்றல். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மதியம். மரக்கடைக்குப் பின்னால் காற்றே இல்லை. கதவின் உள்பலகையை முழுக்க எடுத்துவிட்டால் உள்ளே வயர் போகும் பாதையைப் பார்க்கலாம் என்று நெம்பினார். ஒரு கிளிப் வர மறுத்தது. கோபத்தில் இன்னும் அழுத்தினார். பலகை நடுவில் பிளந்தது. அதன் மேலிருந்த பழுப்பு வினைல் ஒரு சாண் நீளம் கிழிந்தது. அந்தக் கதவுப்பலகை ஈப்போவில் எவரோ வைத்திருந்ததை எட்டு மாதம் கெஞ்சி வாங்கியது. இன்னொன்று கிடைக்காது.

அவர் திருப்புளியை எறியவில்லை. தரையில் உட்கார்ந்தார். கேத்தரின் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தபோது அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"திருவிழாவுக்கு பஸ்லயே போயிடலாம்," என்றார் கேத்தரின், பலகையைப் பார்த்துவிட்டு.

"போகலாம். எல்லாத்தையும் கோழிக்கே குடுத்துடலாம்."

கேத்தரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். உள்பலகை இல்லாமல், வெறும் தகட்டில் ஸ்பீக்கர் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டார். "ரெண்டு பக்கமும் பாடுதே."

"நீயும் சாதிக் கூட சேந்துட்டியா?"

"நா பாட்டுக்காரி. எனக்குத் தெரியாதா? வயலின் உங்க பக்கம், தபேலா அந்தப் பக்கம். தனித்தனியா வருது."

அவர் எழுந்து வந்து மனைவியை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து கதவைச் சாத்தினார். தபேலா மட்டும் கேட்டது. வயலின் எங்கோ கிணற்றுக்குள் இருந்தது. சலிப்போடு, பின்னால் கிடந்த கட்டரை எடுப்பதற்காக இருக்கையில் முழங்காலிட்டுப் பின்புறமாகத் திரும்பினார். சட்டென்று வயலின் பளிச்சென்று வந்தது. வலது கதவிலிருந்து.

"வருது," என்றார். முன்னால் திரும்பினார், போய்விட்டது. மறுபடி பின்னால் திரும்பினார், வந்தது. அவர் முகம் பிரகாசமானது. "கேத்தி, சீட்டுக்கு அடியிலதான் கோளாறு. நா திரும்புறப்ப வயர் நகருது."

கேத்தரின் ஜன்னலுக்கு வெளியே நின்று அவர் திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்ப்பின் வயர் எதுவும் இருக்கைக்கு அடியில் போகவில்லை என்பது அவருக்கும் தெரியும்; இரண்டு மாதமாகத் தினமும் கேட்ட கதை.

"பின்னால திரும்பினா இடது பக்கக் கதவு கேக்குதா?"

பெர்னார்ட் கவனித்தார். தபேலா மங்கிவிட்டிருந்தது. "இல்ல. இப்ப அது போயிடுச்சு."

"நேரா உக்காருங்க. இடது காத விரலால அடைங்க."

"என்னாத்துக்கு?"

"அடைங்கன்னா."

அடைத்தார். பாட்டு நின்றுவிட்டது போல இருந்தது. மெதுவாக வலக்கையால் பிளேயரின் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். கதவுத் தகடே அதிர்வது முழங்காலில் தெரிந்தது. கேத்தரின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அவர் பிளேயரை அணைத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேத்தரின் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஃபோன எந்தக் காதுல வச்சுப் பேசுவீங்க?" எப்போது இருந்து இடது காதுக்கு மாறினார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

காதுப் பரிசோதனைக்குப் போகவே இரண்டு வாரம் அடம் பிடித்தார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார் நோர்மா என்ற பெண். இடது காதுக்கு டக்டக்கென்று அழுத்தினார். வலது காது தொடங்கிய பிறகு வெகுநேரம் சும்மா இருந்தார். மெஷின் ரோசாக்கா என்று கேட்கவும் வாய் வந்தது, அடக்கிக்கொண்டார். நோர்மா காகிதத்தில் இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்று மேலே ஓடியது. மற்றது பாதி வழியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. பட்டறையில் காது மூடி கொடுத்தார்களா என்று மலாய் மொழியில் கேட்டார். கொடுத்தார்கள், கழுத்தில் மாட்டியிருப்பேன் என்றார் பெர்னார்ட். நிபுணர் ஒருவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக் கட்டி எதுவும் இல்லை என்றார். சத்தமாக இருக்கலாம், என்றோ வந்த காய்ச்சலாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, போனது திரும்பி வராது. இதற்குள் அன்னம்மாள் திருவிழா முடிந்துவிட்டிருந்தது. கேத்தரின் பாடகர் குழுவோடு பஸ்ஸில் போய் வந்தார்.

சாதிக் கடைக்குப் போவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய் விஷயத்தைச் சொன்னார். சாதிக் முழுவதையும் கேட்டார்.

"காது ரோசாக்குன்னா பாவம்தான், அண்ணே. ஆனா என்ன ஏமாத்துக்காரன்னு சொன்னது காது இல்லையே. வாய்தானே?"

சாதிக் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்தார்.

"அன்னைக்கு நின்னவங்கள்ல ரெண்டு பேரு அதுக்கப்பறம் வரல. நீங்க இன்னைக்கு ஆளில்லாத நேரமாப் பாத்து வந்து மன்னிப்பு கேக்குறீங்க."

பெர்னார்ட் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். நான்கு நாள் மரக்கடைப் பக்கமே போகவில்லை. பிறகு சனிக்கிழமை, கடை நிறைந்திருந்த நேரத்தில் மறுபடி போனார். வாசலிலேயே நின்று, கொஞ்சம் அளவுக்கு மீறிய சத்தத்தில் சொன்னார்: "ஜூன் மாசம் நா இந்தத் தம்பிய எல்லார் முன்னாலயும் தப்பா பேசினேன். சாமான்ல கோளாறு இல்ல. என் வலது காது செவிடு. அது எனக்கே தெரியல."

யாரோ இருமினார்கள். ஒரு சீனக் கிழவர் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். சாதிக் சாலிடரிங் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கதவுப் பலகைய ஒடச்சுட்டீங்கன்னு கேத்தரின் அக்கா சொன்னாங்க," என்றார். "கொண்டாங்க. பின்னால பிளைவுட் வச்சு ஒட்டிப் பாக்கலாம். கோடு தெரியும், அதுக்கு நா பொறுப்பில்ல."

கோடு தெரிந்தது. வண்டியில் ஏறும்போதெல்லாம் பெர்னார்ட் கண்ணில் முதலில் அதுதான் பட்டது.

காதுக் கருவி செப்டம்பரில் வந்தது. அவர் அதையும் திட்டினார். தண்ணீர்க் குழாய் தகரத்தில் கொட்டுகிறது, நாளிதழைப் புரட்டினால் காதுக்குள் தீப்பிடிக்கிறது என்றார். கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்; கேத்தரின் எடுத்து நீட்டுவார். பட்டறையில் இப்போது காது மூடியைக் காதில்தான் போட்டார். எஞ்சினைக் கேட்டுக் கோளாறு சொல்லும்படி யாராவது கூப்பிட்டால் மீட்டரை எடுத்துக்கொண்டு போனார். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், பாலேக் பூலாவுக்கு லக்சா சாப்பிடப் போகலாம் என்று கேத்தரின் சொன்னார். கருவியை மாட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வண்டி ஓட்டுவது அதுதான் முதல் தடவை. கேத்தரின் பாட்டைப் போட்டார். வயலின் வலது கதவிலிருந்து வந்தது. மெல்லியதாக, தகரத் தன்மையோடு, ஆனால் வந்தது. கேத்தரின் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவரும் தலையசைத்தார்.

தெலுக் கும்பார் தாண்டி மலைப்பாதை ஏறும்போது அவர் நெற்றி சுருங்கியது. கை நீட்டிப் பாட்டை நிறுத்தினார்.

"என்ன ஆச்சு?"

"அந்தச் சத்தம் என்ன?"

"எந்தச் சத்தம்?"

"வலது பக்கம் ஜன்னல் கண்ணாடி கடகடங்குது. பின்னால எதுவோ கிறீச்சுங்குது. கீழ, அங்க, ஒரு முனகல். கேக்குதா?"

"அதா? நீங்க வண்டிய ரோட்டுல எறக்கின நாள்ல இருந்து கேக்குது."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

வளைவுக்கு வளைவு அந்தச் சத்தங்கள் கூடிக்கொண்டே போயின. ஒரு டுரியான் தோட்டத்து வேலியோரம் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பின்பக்கம் போனார். கேத்தரின் கண்ணாடியை இறக்கிவிட்டு மீண்டும் பாட்டைப் போட்டார்.

"அத அணைச்சுட்டு இறங்கி வா கேத்தி," என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "வந்து பம்பர அழுத்து. முனகல் ஸ்பிரிங் பக்கமா, வேற எங்கயாவதான்னு பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டியிருந்த சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கேத்தரின் இறங்கினார்.