பந்தயத்துக்குப் போகாத தொரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெரியாத ஒன்றைக் கண்டால் கேட்காமல் இருக்க முடியாது. அதற்காக எங்கள் லயத்து வீடுகளில் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

அப்போது இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வேலையை மேற்பார்த்த சின்ன தொரை சீமையிலிருந்து வந்த வெள்ளைக்கார இளவட்டம். ஞாயிற்றுக்கிழமையானால் எஞ்சின் இல்லாத விமானம் ஒன்றில் பறப்பார். பலகையும் துணியும் வைத்துச் செய்தது. மலை உச்சிப் புல்வெளியில் எட்டு ஆம்பளைகள் ரப்பர் கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் ஓடுவார்கள். கயிறு சுண்டிவிட்டதும் அது கிளம்பிவிடும். அப்புறம் எல்லாம் காற்றுதான். சத்தமில்லாமல் தலைக்கு மேலே போவதைக் கழுத்து வலிக்கப் பார்ப்பேன். விழுந்து தொலைக்காமல் எப்படித்தான் நிற்கிறதோ!

அந்த மாதம் தோட்டத்தில் கொழுந்துப் போட்டி வைப்பதாகப் பேச்சு. பரிசு ஒரு சேலை. எங்கள் மலையில் என் கைதான் வேகம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நான் பேர் கொடுக்கவில்லை. ஒருத்தியால் ஒரு நாளில் எவ்வளவு பறிக்க முடியும் என்று தொரைமார் கண்ணால் பார்த்துவிட்டால், ஒரு நாளைக்கு ஆளுக்கு இத்தனை ராத்தல் நிறை என்று வைத்திருக்கும் கணக்கை எல்லாருக்கும் கூட்டிவிடுவார்கள். அந்த ராத்தலை எட்டாதவளுக்கு அரைப் பேர், பாதிச் சம்பளம்தான். பக்கத்து நிரையில் என் நாத்தனார், ஏழு மாத வயிற்றோடு, இருக்கிற ராத்தலையே மூச்சு வாங்க வாங்கத்தான் எட்டிக்கொண்டிருந்தாள். கையை அடக்கிப் பறிப்பது பெண்கள் எங்களுக்குள் இருந்த விஷயம். அதை வெளியே சொல்வதில்லை.

செடிகளில் கொழுந்து மிஞ்சிப்போனதால் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. காற்று திடீரென்று படுத்துவிட, தொரை எங்கள் மலைக்கு மேலிருந்த புல்லில் விமானத்தை இறக்கினார். மறுபடி காற்று கிளம்பினால் புரட்டிப்போட்டுவிடுமாம். ஆட்கள் வரும்வரை ஒரு பக்கத்து றெக்கையை அமுக்கிப் பிடிக்க என்னை அனுப்பினார் கங்காணி.

தொரை சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சும்மா இருப்பேனா? நுவரெலியாவில் குதிரைக்கு இருப்பதுபோல் இதற்கும் பந்தயம் உண்டா என்று கேட்டேன். சீமையில் உண்டு என்றார். வேலை வாங்கப் படித்த தமிழ் அவருடையது. 'வா, போ, எடு' எல்லாம் சுத்தமாக வரும், மற்றதற்குத்தான் திண்டாடுவார். தான் ஒரு தடவைகூடப் போனதில்லை என்றார். பறக்கிறவர்கள் நிறையப் பேர், பந்தயத்துக்குப் போகிறவர்கள் கொஞ்சப் பேர்தானாம்.

ஏன் என்று விடாமல் கேட்டேன். எங்கே இறங்கினாலும் தேடி வரக் காரும் ஆளும் வேண்டும், நாள் கணக்கில் லீவு வேண்டும், காற்று சரியில்லாவிட்டாலும் பந்தயம் நடத்துகிறவர்கள் காட்டும் வழியில் போகவேண்டும் என்று அடுக்கினார். காரும் ஆளும் இல்லாதவர்களுக்கு அது சரி, தொரைக்கு என்ன குறை என்றேன். தொரை சிகரெட்டைப் புல்லில் தேய்த்து அணைத்தார்.

"தனியா பறந்தா நான் நல்லா பறக்கிறவன். பந்தயத்துக்குப் போனா எவ்வளவு பறக்கிறேன்னு தெரிஞ்சிடும்."

சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. அடுத்த கேள்வியை அவர் என் பக்கம் திருப்பினார்.

"நீ ஏன் போட்டிக்குப் பேர் குடுக்கல்ல? ஒன் கைதான் வேகம்னு கணக்கப்பிள்ளை சொல்றான்."

ராத்தலைக் கூட்டுகிறவரே கேட்கிறார். உண்மையைச் சொன்னால் எங்கள் எல்லார் கையையும் காட்டிக்கொடுத்த மாதிரிதான். றெக்கையை இன்னும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கும் அப்படித்தாங்க தொரை. போனா தெரிஞ்சிடுமே."

விழுந்து விழுந்து சிரித்தார். என்னை வற்புறுத்த வேண்டாம் என்று கணக்கப்பிள்ளையிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாராம். சேலையை வேறு மலைக்காரி வாங்கினாள். அரக்குச் சிவப்பு, நல்ல கரை. வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். அவளும் கையை அடக்கித்தான் பறித்தாள். ராத்தல் ஏறவில்லை. பேறுகாலத்துக்காக வேலையிலிருந்து நிற்கும்வரை என் நாத்தனார் ஒரு நாள்கூட அரைப் பேர் வாங்கவில்லை.

அடுத்த வருஷம் தொரை சீமைக்குப் போய்விட்டார். நான் சொன்னதை அவர் நம்பியதுபோலவே, அவர் சொன்னதை நானும் அன்றைக்கு நம்பிவிட்டேன். எங்களிடம் சொல்ல முடியாத காரணம் ஒன்று அவருக்கும் இருந்திருக்குமோ என்று பிறகுதான் தோன்றியது. என் வாய் நீளத்துக்கு, இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.