பூந்திக்கொட்டையைக் குளிப்பாட்டிய கதை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மலைச்சரக்கு குடோன் ஒன்றில் முப்பது வருஷமாகத் தரம் பிரிக்கிறேன். கல்பாசியோ சீயக்காயோ, கையில் அள்ளிப் பார்த்து, ஒன்றாம் தரம், இரண்டாம் தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லப்போவதில்லை. பூந்திக்கொட்டையில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன்.

சின்ன முதலாளி மேனேஜ்மென்ட் படித்துவிட்டு வந்த புதிது. வந்ததும் சுவரெல்லாம் 'ஹைஜீன்' என்று போர்டு மாட்டினார். குடோன் பூனைக்குத் தலையில் தொப்பி மாட்டாததுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் இடுக்கி மலையிலிருந்து செல்லம்மா பதினாலு மூட்டைப் பூந்திக்கொட்டையோடு ஜீப்பில் வந்தாள். அவள் ஊரின் வனப்பொருள் சங்கத் தலைவி. காட்டில் பொறுக்கி, விதையைத் தட்டி எடுத்து, தோலைப் பாறையில் காயப்போட்டு, ஊரே மூன்று மாதம் பாடுபட்ட சரக்கு. கலகலவென்று காய்ந்திருந்தது. ஒன்றாம் தரம் என்று எழுதினேன். அவள் சாயா குடிக்கப் போனாள்.

சின்ன முதலாளி ஒரு பிடி அள்ளினார். விரலில் தூசி.

"அய்யே! இது எந்தா இக்கா? நல்லா வெள்ளம் அடிச்சுக் கழுவச் சொல்லு."

மலையாளத்தில் இக்கா என்றால் அண்ணன், அதாவது நான்; வெள்ளம் என்றால் தண்ணீர். பூந்தித்தோலில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் போன வாரம்தான் நான் ஏதோ சொல்லப்போய், "இக்கா பழைய ஆளு" என்று எல்லார் முன்னாலும் சிரித்திருந்தார். நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் மூன்று மூட்டையைத் தரையில் கொட்டி, பிரஷர் பைப்பைத் திறந்தார்கள். அடேயப்பா! நுரை முழங்கால் வரை ஏறி, வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கியது. ஆட்டோக்கள் நின்றன. வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று நுரையோடு செல்ஃபி எடுத்தது.

"சோப்புப்பொடி கலந்திருக்கு! சுத்தக் கலப்படம்!" என்று சின்ன முதலாளி கத்தினார். "பதினாலும் ரிட்டர்ன். இக்கா, ரிஜெக்ட்னு எழுதி ஸைன் பண்ணு."

சாயாக்கடையிலிருந்து ஓடிவந்த செல்லம்மாவுக்கு முகமே செத்துவிட்டது. "கலப்படமா? நுரை வராட்டாத்தான் சார் கலப்படம்! துணி துவைக்கிற காய் பின்னே என்ன செய்யும்?"

பேனா என் கையில் இருந்தது. நான் எழுதிவிட்டால் அந்த ஊர்ச் சரக்கைப் பஜாரில் ஒருத்தனும் தொடமாட்டான்.

"சார், மிளகாய் காரமா இருக்குன்னு திருப்பி அனுப்புவீங்களா? நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றேன்.

சுமை தூக்குகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். சின்ன முதலாளி போனை எடுத்து எதையோ தேடிப் படித்தார். பிறகு நேரே வெளியே போய், "நேச்சுரல் ஃபோம்! லைவ் டெமோ!" என்று வெள்ளைக்காரர்களிடம் சொல்லிக் கை குலுக்கினார். உள்ளே வந்து பதினோரு மூட்டையை ஏற்றுக்கொண்டார்.

"அந்த மூணும் வேண்டா. நனைஞ்ச சரக்கு ஹைஜீன் இல்லல்லோ."

நனைத்தது யார் என்று ஹைஜீன் போர்டில் எழுதவில்லை. எவ்வளவோ வாதாடியும் அவர் மசியவில்லை. பிசுபிசுத்துப்போன மூன்று மூட்டையையும் நானே ஜீப்பில் ஏற்றிக்கொடுத்தேன். செல்லம்மா என்னைத் திட்டவில்லை.

"அவருக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரியுமேண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

வெட்கமாக இருந்தது. தம்பிகளா, முதலாளி சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பைப்பைத் திறக்கும் முன்னால் நீங்கள் வாயைத் திறந்துவிடுங்கள்.